ஒளிக்கு நின்றவன்

ஆறடி ஒரு அங்குலம்.
வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை.
நீர்வழங்கல் சபையில் மீற்றர் வாசிக்கிறவனை
ஒன்பது நாள் லீவு எடுக்கச் சொல்லி
கோட்டை மதிலில் ஏற்றிவிட்டார்கள்.
விளக்குக்காரர் என் கன்னத்தில் வைத்து
வேறொருவருடைய வெளிச்சத்தை அளப்பார்கள்.
அளந்து முடிந்ததும் கையசைப்பு: போகலாம்.
நான் நின்ற சுண்ணாம்புக் கோட்டில்
எர்வான் ட்ரெவிதிக் வந்து நிற்பார்.

மத்தியானம்
சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு
தன்னைச் சொல்வார்.
பாரிசில் பதினொரு வருசம் கோப்பை கழுவின பெனடிக்ரா
இடையில் இருந்து தமிழாக்குவா.

பிறந்தது பிறெஸ்ட். இதுபோலக் கடற்படை ஊர்தான்,
மழை மட்டும் விடாதாம்.
ஏழு வயதில் பிஸ்கட் விளம்பரம்:
இருபத்தாறு தரம் கடித்து
இருபத்தாறு தரம் துப்பினாராம்.
முதல் படத்தில் முதுகு.
இரண்டாவதில் கதவு திறக்கிற கை.
அதற்குப் பிறகு தொலைக்காட்சி,
வியாழன் இரவுகளில் பதினான்கு வருசம்
பொலிஸ் இன்ஸ்பெக்டர்.
ரயிலில் கண்ட கிழவிகள்
காணாமற்போன பூனைகளுக்காக
அவரிடம் முறைப்பாடு கொடுத்தார்களாம்.
பார்க்கிற சனம் குறைய
ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது:
‘அடுத்த கிழமை நீங்கள் ஆற்றில் விழுகிறீர்கள்.’

“அதோட மனிசியும் போயிட்டா” என்றா பெனடிக்ரா.
அவர் சொன்னதா, இவ சேர்த்ததா, தெரியாது.

இங்கே அவர் கப்பல் தலைவன்.
பிரெஞ்சுக்காரர் கொஞ்சக் காலம்
இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த கதை.
நாலாம் நாள் ஒட்டுமீசையை மான் தின்றது.
ஆறாம் நாள் கோணேசர் கோயில் மணி
அவருடைய நீண்ட வசனத்துக்குள் புகுந்தது.
எட்டாம் நாள் சாவு.

முப்பத்தொரு தரம் செத்தவர், எண்ணி வைத்திருந்தார்.
குண்டு பட்டதும் கைகள் விரியும்,
தொப்பி பறக்கும்,
முகம் வானத்துக்குத் திரும்பும்.
ஐந்து தரம் அப்படி விழுந்தார்.
ஐந்தும் சரியில்லை என்று அவருக்கே பட்டது.

என்னிடம் வந்தார்.
பெனடிக்ரா தேத்தண்ணிக்குப் போயிருந்தா.
விரலைத் துவக்காக்கி நெஞ்சில் வைத்து
புருவத்தை உயர்த்தினார்:
எப்படி?

என்னை ஏன் கேட்டார்.
ஊர்க்காரன் என்றா,
உயரம் ஒன்றென்றா.

நான் விழவில்லை.
இருந்தேன்.
மீன்சந்தைக்குப் பின்னால்
சைக்கிளை விடாமல் பிடித்தபடி ஒருவன் இருந்ததுபோல.
முதலில் முழங்கால்.
பிறகு கை, சட்டைப் பையைத் துழாவி,
வீட்டுத் திறப்பை எங்கே வைத்தேன் என்று
யோசிக்கிற முகத்தோடு
மெல்ல, ஒரு பக்கமாய்.

எழும்பினபோது
அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.
கைதட்டவில்லை. அதற்காக
இன்றுவரை அந்த ஆளில் எனக்கு மதிப்பு.

ஆறாம் தரம் அவரும் அப்படியே இருந்தார்.
விளக்கு பிடித்த பெடியன்
வேறு பக்கம் திரும்பினான்.
இயக்குநர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
காணாதாம். கப்டனுக்கு இது காணாதாம்.
ஏழாம் தரம் கைகள் விரிந்தன, தொப்பி பறந்தது,
டச்சுக் குடாவில் போய் விழுந்த அதை
நீந்தி எடுத்தவனுக்கு ஆயிரம் ரூபா.
படத்தில் வரப்போவது அதுதான்.

திங்கட்கிழமை உவர்மலையில்
கேற்றைத் திறந்த அம்மா கேட்டா:
“தம்பி, நீர் படத்தில வாறீராமே?”
குந்தியிருந்து மீற்றர் மூடியைத் துடைத்தேன்.
“உங்கட குழாய் எங்கயோ ஒழுகுது அம்மா,
ஒருக்காப் பாருங்கோ.”