மட்டம் பார்த்த தண்ணீர்

கப்பலில் வந்த கல் என்கிறார்கள்.
கோவாவிலிருந்து கொழும்புக்கு,
கொழும்பிலிருந்து மாட்டு வண்டியில்
ஹப்புத்தளை ஏற்றம் மட்டும்,
பிறகு நாற்பது பேர் தோளில்.
பெருநாள் மலரில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது
போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும்.

எனக்குத் தந்த வேலை அதை நகர்த்துவது.
வாசலோரம் நிற்கிற ஞானஸ்நானத் தொட்டி
இனிப் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.
பிள்ளைக்குத் தண்ணீர் விழுவதை
எல்லாரும் பார்க்க வேண்டுமாம்.
புதிய பாதர் நல்லவர்.
அளவு நாடாவின் மறுமுனையை அவரே பிடித்தார்.

அலவாங்கு இரண்டு, மூங்கில் உருளை மூன்று,
கொழுந்துச் சாக்கு ஒரு கட்டு,
சிலுவைமுத்து, அவன் மச்சான் தொபியாஸ்.
பலாப் பலகை மூடியில் பித்தளைப் பூட்டு.
தண்ணீருக்கு எதுக்குப் பூட்டு என்றான் தொபியாஸ்.
சூனியத்துக்கு அள்ளிப்போவார்களாம் அந்தக் காலத்தில்.
கையை வைத்தான், திறந்துகொண்டது.

சாய்த்தபோது அடிவயிறு தெரிந்தது.
மேலே சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு மேல் பெயின்ட்,
கீழே வெறுங்கல்.
சாம்பல் வரி, இடையிடையே
மாதுளை முத்துப்போலச் சிவப்பு.
இந்தக் கல்லை எனக்குத் தெரியும்.
மூன்றாம் டிவிசனுக்கு மேலே
பாலத்துக்குக் கல் உடைத்த அன்று
இதே சிவப்பில் பட்டுத்தான் என் உளி மழுங்கியது.
கப்பலும் இல்லை, கோவாவும் இல்லை.
உளி விழுந்த சாய்வைப் பார்த்தேன்:
வெட்டினவன் இடக்கைக்காரன்.
எட்டுப் பட்டைக்கும் எட்டு இலை,
எட்டாவதில் அலுத்துப்போயிருக்கிறான்,
அது காம்போடு நிற்கிறது.

பாதரிடம் சொல்லவில்லை.
இந்த வருஷ மலரும் அச்சுக்குப் போய்விட்டது.

தொட்டி நடுவே பெருவிரல் நுழைகிற ஓட்டை.
குழாய் எங்கே போகிறது என்று தேடினால்
குழாயே கிடையாது.
மந்திரித்த தண்ணீர் சாக்கடையில் சேரக் கூடாதாம்,
நேரே மண்ணுக்குத்தான்.
தரைக்கல்லைப் பெயர்த்தோம்.
ஒரு சிரட்டை அகலத்துக்குக் கறுத்த மண்.
வெளிச்சுவர்ப் பன்னத்தின் வேர் ஒன்று
அஸ்திவாரத்துக்குள் புகுந்து
அதுவரைக்கும் வந்து குடித்திருக்கிறது.
எத்தனை உச்சந்தலையில் வழிந்தது,
உப்பும் எண்ணெயும் கலந்து, எல்லாம் இங்கேதான்.

எங்கள் பிள்ளையின் தலையில் வழிந்தது இதில் இல்லை.
ஏழாம் மாதம். அடைமழை. லயத்தில் கரண்டும் இல்லை.
பெலிசித்தா கேத்தல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி
தானே ஊற்றினாள்,
சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.
செல்லும் என்றார் அப்போதிருந்த பாதர்.
நான் விபூதி பூசுகிறவன்,
செல்லும் செல்லாது எனக்குத் தெரியாது.
தண்ணீர் ஆறியிருந்தது என்பது தெரியும்.
தொட்டுப் பார்த்துக் கொடுத்தது நான்.

பீடத்தருகே தரை தெற்கே அரை அங்குலம் வாட்டம்.
விளிம்பு நேராயில்லாத தொட்டிக்கு
ரசமட்டம் உதவாது.
ஓட்டையைத் துணியால் அடைத்து
வாளித் தண்ணீரை ஊற்றினேன்.
தெற்கே ஏறி நின்றது.
பழைய இடத்தில் முட்டுக் கொடுத்திருந்த
தேயிலைப் பெட்டி ஈயத்தகடு கிடந்தது, நாலாய் மடித்தது.
எட்டாய் மடித்துச் சொருகினேன்.
தண்ணீர் யோசித்து,
சமமாயிற்று.

அவர்கள் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தார்கள்.
மந்திரிக்காத தண்ணீர் அது,
மட்டம் பார்க்க ஊற்றினது.
விரல் வைத்தேன். குளிர்.
அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று
எனக்குக் கணக்கில்லை.
பெயரை உரக்கச் சொன்னேனா என்று
பெலிசித்தா ராத்திரி கேட்டாள்.
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பில் எழுதிக் கொடுத்தேன்:
சீமெந்து ஒரு மூட்டை.
மூன்று ஆள் கூலி, ஒன்றரை நாள்.
தொட்டிக்குக் கீழே ஒரு சிரட்டை அகலத்துக்குச்
சீமெந்து பூசாமல் விட்டதையும்,
வாசலடியிலிருந்து அந்தக் கறுத்த மண்ணைச்
சட்டியில் அள்ளிவந்து அதில் கொட்டியதையும்
எழுதவில்லை.
பிறகுதான் துணியை உருவினேன்.