திங்கட்கிழமை விடுமுறை

நான்காம் எண் டிராமுக்கு
ஒரு முனைப் பக்கம் மருத்துவமனை,
மறுமுனையில் கோட்டை.
பதினோரு வருடமாக இரண்டுக்கும் நடுவே
மிலான் நகரத்தில்
தறிநாடாவாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டை நிறுத்தத்தில் எனக்கு ஏழு நிமிடம்.
ஒரு காபி, ஒரு கழிப்பறை,
முன்கண்ணாடிக்கு ஈரத்துணி.
சுவருக்கு அந்தப் பக்கம்
மகனைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நிற்கிறாள்,
நானூற்று அறுபது வருடமாகப் பளிங்கில்,
முடிக்கப்படாமல்.
நான் பார்த்ததில்லை.
என் விடுமுறை திங்கட்கிழமை.
அருங்காட்சியகத்துக்கும் அதேதான்.

இவெலீனா இரவுப்பணி முடித்து ஏறுவாள்.
'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' பலகைக்கு நேர் கீழே
நின்றுகொண்டு பேசுவாள்.
முதியோர் வார்டில்
உடம்புகளைத் தூக்குவதும் புரட்டுவதும் அவள் வேலை.
வீடு திரும்பிய யாரோ விட்டுப்போன அஞ்சலட்டையில்
அந்தச் சிலை இருந்ததாம்.
"தூக்குகிற விதமே தப்பு" என்றாள்.
"இப்படித் தூக்கினால் இடுப்பு போய்விடும்.
முழங்காலை மடக்க வேண்டாமா?"
அடுத்த வாரம்,
"நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன்.
அவள் தூக்கவில்லை.
செத்துப்போன அவன்தான்
முதுகில் அவளைச் சுமக்கிறான்."
அதற்கடுத்த வாரம்,
"அட்டையை நம்ப முடியாது. நேரில் போகணும்."

திட்டம் அப்படித்தான் தொடங்கியது.

செவ்வாய் எனக்கு மதிய வண்டி.
புதன் அவள் பையனுக்குப் பல் கம்பி.
வெள்ளி வேலைநிறுத்தம், அதில் நானும் உண்டு.
ஆகஸ்டில் ஊரே கடலுக்குப் போனது, அவளும்.
மார்ச் முழுக்க என் முட்டிவலி.
முறை மாற்றித் தரச் சொல்லி
ருஜ்ஜேரோவிடம் போய் நின்றேன்.
எதற்கு என்றான்.
ஒரு சிலை பார்க்க.
"அது எங்கேயும் ஓடிப்போகாதே!"
வாஸ்தவம். ஓடுவதெல்லாம் நாங்கள்தான்.

இதற்கிடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டோம்.
அந்தக் கூடம் ஒருகாலத்தில்
கோட்டைச் சிப்பாய்களின் மருத்துவமனையாம்.
உள்ளே நுழைந்ததும்
முதலில் முதுகுதான் தெரியுமாம்.
"நல்லது" என்றாள் இவெலீனா.
"நானும் முதுகைத்தான் முதலில் பார்ப்பேன்.
படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும்."

ஒரு கை மட்டும் தனியாக நிற்கிறதாம்,
இப்போது இருக்கும் எந்த உடம்புக்கும் சேராத கை.
முதலில் செதுக்கியதைச் சிதைத்துவிட்டு
கல்லின் இன்னும் உள்ளே
வேறோர் உடம்பைத் தேடிப் போனவர்
அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.
ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.
எனக்கு அதில் ஆச்சரியமில்லை.
இந்த ஊரில் டிராம் ஓடாத தண்டவாளங்கள் உண்டு.
பிரதான வழியிலிருந்து பிரிந்து
கல்பாவிய சந்தில் வளைந்து
ஏதோ ஒரு மருந்துக்கடைச் சுவர் முன்னால்
நின்றுபோகும்.
பெயர்த்தெடுக்க யாரும் வந்ததில்லை.
மழை பெய்தால் அவையும் மினுங்கும்.
விழுந்து எழுந்த சைக்கிள்காரர்களுக்கு மட்டும்
அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும்.

இறப்பதற்குச் சில நாள் முன்வரை
அவர் உளியை விடவில்லையாம்.
நாங்கள் மூன்று வருடம்தான் தாமதம்.

நவம்பர், இரண்டாவது வியாழன், பத்து மணி.
ருஜ்ஜேரோ கையெழுத்துப் போட்டுவிட்டான்,
நத்தார் அன்று நான் ஓட்டவேண்டும் என்ற பேச்சில்.
இவெலீனா தூங்காமல் நேரே வருவாள்.
சிலைமுன் கொட்டாவி விட்டால்
கோபித்துக்கொள்ளாதே என்றிருக்கிறாள்.

நேற்றுத்தான் உறைத்தது.
அவளைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்,
உள்ளங்கை அளவுக்கு.
அவள் பார்த்ததோ என் பிடரி,
தொப்பிக்குக் கீழே இரண்டு விரல்கடை.
கூட்டத்தில் ஒருவரையொருவர்
எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லி வைத்திருக்கிறேன்:
கோட்டை வாசலில்,
முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.