இருபத்தெட்டு றாத்தல்

எழுபதில்தான் தொடங்கும்.
அறுபத்தெட்டில் ஒன்றுமில்லை.
எழுபதில் ஸ்டியரிங் முதலில் பெருவிரலுக்குச் சொல்லும்,
பிறகு முழங்கைக்கு,
பிறகு சாவிக்கொத்துக்கு.
ஆய்வுகூட அலுமாரிச் சாவி, வீட்டுச் சாவி,
எதற்கென்று மறந்துபோன ஒரு குட்டிச் சாவி,
மூன்றும் குளிரில் நிற்பவை போலப் பல்லடிக்கும்.
எண்பத்தைந்தில் நின்றுவிடும்.
ஆனால் கண்டி வீதியில் எண்பத்தைந்து ஓட
மாடுகள் சம்மதிப்பதில்லை.

பதினாறு ஸ்ரீ இலக்கத் தட்டு.
என்னைவிட இரண்டு வயது மூத்த டட்சன்.
கதவோரம் யப்பானில் ஒட்டிவிட்ட தாளில்
காற்று எவ்வளவு என்று இருக்கிறது:
முன்னுக்கு இருபத்தி…
அடுத்த இலக்கத்தை வெயில் தின்றுவிட்டது.
வளைந்த கோடு ஒன்று மிச்சம்.
ஆறாக இருக்கலாம், எட்டாகவும்.

மா ஆலையில் எனக்கு அளப்பதுதான் வேலை.
கோதுமையின் ஈரத்தை இரண்டு தசமதானம் வரை சொல்லுவேன்.
ஒரு டயருக்குள் அடைத்த காற்றை
இந்த ஊரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.
உவர்மலைப் பக்கத்து பெற்றோல் செட்டில் இருபத்தெட்டு றாத்தல்.
உப்புவெளியில் முப்பத்தொன்று.
நான் வாங்கிய பென்சில் மாதிரியான மானி
இருபத்தைந்து என்றது, அதுவும் தயங்கி.
மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தேன்.
ஆலையில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

வெயிலும் கணக்குக்குள் வந்தது.
மத்தியானத் தரிப்பிடத்தில்
மதில் நிழல் விழும் பக்கம் இருபத்தெட்டு,
மற்றப் பக்கம் முப்பது.
ஒரே கார், இரண்டு பருவகாலம்.
ஆகவே காலை ஐந்தரைக்கு,
கடல் இன்னும் சாம்பலாய்க் கிடக்கையில்,
வால்வு மூடியைப் பல்லில் கடித்தபடி
குந்தியிருந்து அளந்தேன்.
ஜெசிந்தா அக்கா மதிலுக்கு மேலால் கேட்டாள்:
"பிரஷர் எவ்வளவாம்?"
"டயருக்கோ, எனக்கோ?"

இருபத்தாறில் ஆடியது.
முப்பதிலும் ஆடியது, தெருக் கல்லையெல்லாம் எண்ணிக் காட்டியபடி.
முப்பத்திரண்டில்,
என்னோடு வேலைக்கு வரும் கணக்காளர் நிர்மலநாதனின் வசனம்
துண்டு துண்டாக வந்தது:
"பு-பு-புது டயர் போ-போடும்."
அவர் பேச்சைக் குறைத்த அளவில் எனக்கு அது நன்மை.

ஜமாலியாவில் ஹிபதுல்லாவின் கடை.
அவன் மானியைத் தேடவேயில்லை.
முன் இடது சில்லைக் கழற்றி
உட்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
"இது காத்தில்ல மிஸ். மண்."

ரிம்மின் குழிக்குள்
பாதி உள்ளங்கையளவு, காய்ந்து கல்லாகி,
வயல் மண்.
அதற்குள் ஓர் உமி.
நகத்தளவில் ஒரு நத்தை ஓடு.

தம்பலகாமம்.
மார்கழி வெள்ளத்தில் தெருவும் வாய்க்காலும் ஒன்றாய்க் கிடந்த நாள்,
கதவடி வரை தண்ணீரில் போனேன்,
பரஞ்சோதியிடம் என் மூன்று லட்சத்தைக் கேட்க.
தேத்தண்ணி தந்தார்கள்.
மகள் பரிசு வாங்கும் படத்தைக் காட்டினார்கள்.
விதைத்தது அழுகிவிட்டதென்று அவன் சொல்லவில்லை,
யன்னலால் தெரிந்தது.
தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு
வந்த தண்ணீரிலேயே திரும்பினேன்.
அன்றிலிருந்து பங்குனி வரை
நிமிடத்துக்கு அறுநூறு தடவை
அந்த வயலைத் தூக்கிச் சுற்றியிருக்கிறேன்.

ஸ்குரூ டிரைவரால் நெம்பினான். விழுந்தது.
சந்திப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று,
இந்த ஊர் மான்களுக்கே உரிய துணிச்சலோடு
அதை முகர்ந்துவிட்டு
பெட்டிக்கடை வாழைப்பழத் தோலுக்குப் போனது.

"எவ்வளவு?"
"மண்ணுக்குக் காசில்ல. காத்துக்கு நூறு தாங்க."
நான்கிலும் இருபத்தெட்டு வைத்தான்,
அவனுடைய இருபத்தெட்டு.
பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லி
ஐந்தாவது சில்லில் மானியை அழுத்தினான்.
முள் அசையவில்லை.
என்னைப் பார்த்தான். மறுபடி அழுத்தினான்.

அடுத்த நாள், சீனக்குடா நேர்த்தெரு.
எழுபது.
சாவிகள் சும்மா தொங்கின.
நிர்மலநாதன் தொண்டையைச் செருமினார்,
முதன்முறையாக ஒரு வசனத்தை முழுதாய் முடித்தார்:
"அந்தப் பரஞ்சோதி உம்மட காசைத் தந்திட்டானோ?"

எழுபத்திரண்டுக்கு மிதித்தேன்.
எழுபத்தைந்து.
ஏதாவது ஆடாதா என்று பார்த்தேன்.