இடது காது

மேட்டுப்பாளையத்தில் ஏறிய பேருந்து
குஞ்சப்பனை தாண்டி வளைகையில்
முன்சீட்டுப் பிள்ளை வாந்தியெடுக்கிறது.
எனக்கு ஒன்றுமில்லை.
எட்டு மாதம் ஆடிக்கொண்டே நின்றவன்.
அரவேணுவில் இறங்கி
ஆடாத மண்ணில் கால் வைத்தபோதுதான்
தலை சுற்றியது.

கப்பலில் என் சட்டையில் ஒரு பெயர்வில்லை:
லோகன், இந்தியா.
லோகநாதன் அதில் முழுசாகக் கொள்ளவில்லை.
ஐந்தாம் தளத்து மதுக்கூடத்தில்
எட்டேகாலிலிருந்து மூன்று செட், ட்ரம்ஸ்.
பியானோவில் ரொடெல், செபுக்காரன்;
மகள் முதன்முதலாக நடந்ததைத்
துறைமுகத்து வைஃபையில்
விட்டு விட்டுப் பார்த்தவன்.
பாடுகிறவள் மாறிக்கொண்டே இருப்பாள்.
கல்யாண நாள் கொண்டாடும் தம்பதிக்கு மெதுவாக ஒன்று,
குடித்தவனுக்கு வேகமாக ஒன்று,
பத்தரைக்கு மேல்
யாருக்கும் இல்லாத ஒன்று.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது.
கரை நெருங்குவதை
எஞ்சின் தணிவதில் தெரிந்துகொள்வோம்,
ரொடெல் காதால்,
நான் முதுகால்.

பிஸ்கே வளைகுடாவில் ஒரு ராத்திரி
நாற்காலிகள் தாமாகவே தரையைக் கடந்தன.
பாடகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.
நிறுத்தாதீர்கள், என்றார் மேலாளர்,
இசை நின்றால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள்.
ஜனங்கள் என்று இருந்தவர் ஒருவர்.
அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.
நான் தொடாத சிம்பல்
அலைக்கு அலை தானே அதிர்ந்தது.
பார்த்தேன்.
கேட்கவில்லை.
இடப்பக்கம் மாட்டியிருந்தது அது.

தேயிலை ஃபேக்டரி உருளைச் சத்தத்தில்தான்
தாளம் பிடித்தேன் என்று சொன்னால்
கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும்.
பொய்.
கண்ணாடி உடைந்த ஃபோனில் வீடியோ பார்த்து
தலையணையை அடித்துப் பழகியவன்.
உருளைச் சத்தம் அப்பாவுடையது, இருபத்தாறு வருடம்.
அதனால் உரக்கத்தான் பேசுவார்.
எனக்கு அது வசதி.

அப்பாவும் கப்பலேறியவர்தான்.
எட்டு வயதில், தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம்,
ஒரு தகரப் பெட்டி, குடும்பத்துக்கே ஒரு காகிதம்.
அதற்குப் பிறகு கடல் பக்கம் போகவில்லை.
என் வேலையைப் பற்றி அவர் கேட்டது ஒன்றுதான்:
நீ படுக்கிற எடத்துக்கு
மேல தண்ணியா, கீழ தண்ணியா?
பக்கத்தில, என்றேன்.

ஏஜென்ட் அழைத்துவிட்டான்.
அடுத்த ஒப்பந்தம் ஏழு மாதம், ஏறுமிடம் பார்சிலோனா.
வியாழக்கிழமை சென்னையில் மெடிக்கல்.
ரத்தம், நெஞ்சுப் படம், பல்.
பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
ஹெட்ஃபோன் மாட்டுவார்கள்.
பீப் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
போன தடவை
வலது காதில் வந்த இடைவெளிகளை
மனப்பாடம் செய்துகொண்டேன்.
நாலு, ரெண்டு, மூணு, நாலு.
இடதுக்கும் அதையே வாசித்தேன்.
அந்தப் பெண்ணும் வழக்கம் மாறாதவள்.
நார்மல் என்று முத்திரை குத்தினாள்.

காலையில் மூடுபனி தேயிலைமேல் உட்கார்ந்திருக்கும்.
அதற்குச் சத்தமே இல்லை.
அதன் முன்னால் என் இரண்டு காதும் ஒன்று.
அந்தத் தைரியத்தில்தான் நேற்று நடந்துகொண்டிருந்தேன்.
அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.
பத்தடியில், இடப்பக்கம், காட்டெருமை.
குக்கர் மாதிரி மூச்சு விட்டுச்சேடா,
என்றார் பிறகு.
கொம்பில் தொங்கிய கொடியை மட்டுமே
நான் பார்த்திருந்தேன்.

வீடு வரை இருவரும் பேசவில்லை.

ராத்திரி அடுப்படியில்
முக்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார்.
அடிக்கிறப்பல்லாம் வெரலத் தூக்கு, என்றார்.
வலது காதில் பஞ்சை அடைத்தார்.
கரண்டியும் டம்ளருமாகப்
பின்னால் போனார்.

தூக்கினேன்.
நாலு. ரெண்டு.
மூணு. நாலு.
சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

ஜன்னல் கண்ணாடியில் பார்த்தபோது
கரண்டி மேடைமேல் கிடந்தது.
அப்பா வெறுங்கையோடு நின்று
என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அது
இன்னொரு முறை எழுந்தது.