எட்டில் ஏழு

ஹூசாவீக் துறைமுகத்தின் மீன் ஏல சர்வரை
விடிகாலை இரண்டுக்கு நிறுத்தினாள் ஹால்பெரா.
ஐந்துக்குள் எழுந்தாக வேண்டும்;
காட் மீன் காத்திருக்காது.

முதலில் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள்.
அதற்குள் எப்போதும் ஒரு குட்டி மின்னல் ஒளிந்திருக்கும்.
ஒரு பொறி போதும்,
இரண்டு மாதச் சம்பளம் கருகிவிடும்.
பருத்தி பனியனோடு, மணிக்கட்டில் தரைக்கம்பி கட்டி,
ஏசி மட்டும் உறுமும் அறையில் நடுங்கியபடி
பழைய பட்டைகளைப் பிடுங்கினாள்.

நேற்றுவரை இவற்றுள் ஓடிய விலைகளில்
ஒன்றுகூட இப்போது இல்லை.
கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறக்கும் பொருளுக்கு
நினைவகம் என்று பெயர் வைத்தது யாரோ.

புதியவை எட்டு.
இரு முனையும் அழுத்த, கிளிக். கிளிக்.
திரை கறுப்பாகவே நெடுநேரம் யோசித்தது.
காபி ஆறி ஏடு கட்டியது.
பிறகு எண்ணிச் சொன்னது:
ஏழு.

மணி மூன்றே முக்கால்.
மறுபடி நிறுத்தி, மூடியைத் திறந்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக் குனிந்தால்
ஆறாம் குழியில் சாம்பல் நிறத்தில் ஓர் இழை.
அவள் சட்டையின் ஆட்டு மயிர்!
கழற்றிப் போட்டும் கூடவே வந்திருக்கிறது.
ஊதவில்லை, மூச்சில் ஈரம் உண்டு.
இடுக்கியால் எடுத்தாள்.

எட்டு.

ஐந்து மணிக்குப் படகிலிருந்து தோர்கில்ஸ் அழைத்தார்.
"ராத்திரி ஏன் செத்துக் கிடந்தது உங்கள் பெட்டி?"
"ஞாபகம் பத்தவில்லை."
"எனக்கும்தான்" என்று சிரித்தவர்
ஹாடக் எத்தனை கிலோ என்று
சொல்ல வந்ததைச் சொல்லாமலே
போனை வைத்துவிட்டார்.