நடுவில் இறங்காமல்

பாபுராவ் தெருவில் என் கடைப் பலகை
மூன்று மொழியில் இருக்கிறது.
வங்காளத்தில் எழுதியது சரியா என்று எனக்குத் தெரியாது.
வருகிறவர்கள் சிரிப்பதில்லை,
சரியாகத்தான் இருக்கும்.

அன்று வந்தவர் வங்காளி இல்லை.
மே மாத வெயிலில் கம்பளித் தொப்பி,
அக்குளில் ஆஸ்பத்திரி ஃபைல்.
"லே" என்றார்.
ஊர்ப் பெயரா, பாதியில் நின்ற சொல்லா என்று
மீதிக்குக் காத்திருந்தேன்.
மீதி இல்லை.

மனைவிக்குக் காதின் பின்னால் தையல்.
டாக்டர் கைப்பட எழுதியிருந்தார்:
பறக்கலாம்.
ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்.

என் அரை இந்தியும் அவருடைய அரை இந்தியும்
கூட்டினால் முக்கால்கூட வராது.
"டைரக்ட்" என்றார். அது இருவருக்கும் தெரிந்த சொல்.
ஆனால் டைரக்ட் வேறு, நான்ஸ்டாப் வேறு.
காட்பாடி பஸ் மாதிரிதான்,
ஒரே பஸ் என்பதற்காக
கிரீன் சர்க்கிளில் நிற்காமல் போகுமா?
இந்தத் தொழிலில் பாதிச் சண்டை
அந்த ஒரு சொல்லால் வருவது.

சென்னை, லே.
'நிறுத்தம் இல்லாமல்' கட்டத்தில் டிக் வைத்தேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
விமானங்கள் இல்லை என்றது.
பெங்களூர். இல்லை.
ஹைதராபாத். இல்லை.
தேதியை மாற்றிப் பாருங்கள் என்றது.
மாற்றினேன். இல்லை.

வேலூரிலிருந்தே கிடையாதா என்று கேட்டார்.
சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன்.
அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது.
மரமில்லா மலை, நீரில்லா ஆறு,
ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரிசை உண்டு,
அதன் கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்
என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது?
கண்ணாடிக் கதவு வழியே மலையை மட்டும் காட்டினேன்.
வெறும் பாறை, மதிய வெயில்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"எங்கள் ஊரிலும் மரம் இல்லை" என்றார்,
சொந்தக்காரர் வீட்டைக்
கண்டுபிடித்துவிட்டவர் போல.

அப்போதுதான் உறைத்தது.
தரையில் போனால் ஏற்றம் கணக்கில் வராது.
காட்பாடியில் ரயில் ஏறினால்
இரண்டு ராத்திரி, டெல்லி.
அங்கிருந்து லே, விடியற்காலை ஆறு மணி,
நடுவில் எங்கும் இறங்காமல்.
கமிஷன் பாதியானது. ஆகட்டும்.
கீழ்ப்படுக்கை கிடைக்க நான் பட்ட பாடு
தனிக் கதை.

கடைசிப் பெயர் கேட்டது திரை.
ஆதாரில் ஒரே பெயர், டோல்கர்.
எனக்கும் கடைசிப் பெயர் கிடையாது, சார்.
அ. நிறைமதி.
அந்த ஒற்றை 'அ'வை வைத்துக்கொண்டு
எத்தனை படிவங்களில் அல்லாடியிருக்கிறேன்!
இரண்டு கட்டத்திலும் அதையே அடித்தேன்:
டோல்கர் டோல்கர்.
தூரத்தில் போகிற ஒருத்தியை
யாரோ இரண்டுமுறை கூப்பிட்டது மாதிரி.

இதற்குள் எட்டாயிரத்து நானூறு
ஒன்பதாயிரத்து அறுநூறாகியிருந்தது.
நான் ஏற்றினேன் என்று நினைத்துவிட்டால்?
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஓடிபி வரவில்லை.
அவர் ப்ரீபெய்டு சிம் இங்கே வந்ததிலிருந்து
கடிகாரமாக மட்டும் இருக்கிறது.
என் கார்டில் போட்டேன்.
ரப்பர் பேண்டு கட்டிலிருந்து
எண்ணிக் கொடுத்தார், மறுபடி எண்ணச் சொன்னார்.
சீட்டு எந்தப் பக்கம் என்றேன்.
ஜன்னல், அவளுக்கு.
வரும்போது வலியில்
வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தாளாம்.

அடுத்து வந்தவர் திப்ருகர் கேட்டார்.
இல்லை என்றது திரை.
நேற்றுகூட மூன்று பேரை அனுப்பினேனே
என்று தேதியை மாற்றினேன், மறுபடி மாற்றினேன்,
நெட்டைத் திட்டினேன்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
எடுக்க மறந்த
அந்த டிக்.