நாரி நோ

மடிக்கணினி என்று பெயர் வைத்தார்கள்.
மடியில் வைத்தேன்.
மடிந்தது நான்.

முதலில் பிடரி. பிறகு வலது தோள்.
பிறகு சுண்டுவிரலில் ஓர் எறும்பு
ஊர்ந்துகொண்டே இருந்தது, போகாமல்.
நாரி கடைசியில்தான் வாய் திறந்தது.
திறந்தது மூடவேயில்லை.

வெள்ளவத்தை, கடல் பக்கத்து ஒழுங்கை,
நாலாம் மாடி.
லண்டன் கொம்பனி ஒன்றின் சிட்டைகளைக்
கட்டிலில் சம்மணமிட்டு,
தலையணையை முண்டுகொடுத்து,
கரண்ட் போன இரவுகளில் குப்புறப் படுத்தும்
மூன்று வருசம் சரிபார்த்தேன்.
கணக்கில் ஒரு சதம் பிசகவில்லை.
பிசகினதெல்லாம் என்னில்.

பம்பலப்பிட்டியில் இஜ்லான் என்றொரு பிசியோதெரபிஸ்ட்,
என்னிலும் ஆறு வயது இளையவன்.
பக்கவாட்டில் படமெடுத்துக் காட்டினான்:
மீனில்லாத குளத்தைப்
பார்த்துக்கொண்டு நிற்கும் கொக்கு.
"இது ஆர்?" என்று கேட்டேன்.
உண்மையாகவே கேட்டேன்.

அவன் தந்த துண்டில் மருந்தே இல்லை.
திரை, கண் மட்டத்தில்.
பாதம் அந்தரத்தில் ஆடக்கூடாது.
அரை மணிக்கொருக்கா எழும்பவும்.

உயர்த்தினேன்.
ரைஸ் குக்கர் வந்த பெட்டி,
அதன்மேல் வருமான வரிச் சட்டம், இரண்டு தொகுதி
(வாங்கின நாள் தொட்டு இப்போதுதான் பிரயோசனம்).
யூனிட்டி பிளாசாவில் தனியாக ஒரு கீபோர்ட்;
'ழ' ஸ்டிக்கர் இரண்டாம் நாளே கழன்றது.
லண்டன்காரருக்கு ழ தேவைப்படாது.
கதிரையில் இருந்தால் என் கால் தரைக்கு எட்டாது.
கீழே கீரிச்சம்பா, பத்துக் கிலோ மூட்டை.
சமைக்கச் சமைக்கக் கால் தாழும்.
சம்பளம் வந்தால் முழங்கால் உயரும்.

திரையை உயர்த்திய அன்று பின்னேரம்தான்
அதன் மேல்விளிம்பில்
கடல் இருந்ததைக் கண்டேன்.
வாடகையில் பதினைந்தாயிரம்
மாதாமாதம் அதற்கென்றே கட்டியிருக்கிறேன்.

எழும்புவதுதான் வில்லங்கம்.
போனில் அலாரம் வைத்தால் கை தானாக அணைக்கிறது.
யன்னல் கண்ணாடியை அதிரவைத்துப்
பாணந்துறை போகும் ரயிலை அணைக்க ஏலாது.
ஆகவே ரயில் வந்தால் எழும்புவது
என்று வைத்துக்கொண்டேன்.
கதவில் தொங்கும் ஆட்களோடு
அது கடந்து முடியும்வரை
யன்னலடியில் நின்று தோளைப் பின்னுக்கு உருட்டுவேன்.
காலிக் கடுகதி என்றால் சுருக்கம்.
எல்லா ஸ்டேசனிலும் நிற்கிற வண்டி நல்லது,
கழுத்துக்கும் நேரம் கிடைக்கும்.

ஒருநாள் மிதிபலகையில் நின்றபடி ஒருவர்
எனக்குக் கை காட்டினார்.
தோள் உருட்டினதை
வணக்கம் என்று எடுத்திருப்பார்.

போன கிழமை ரயில்வே வேலைநிறுத்தம். இரண்டு நாள்.
தண்டவாளத்தில் நாயொன்று படுத்திருந்தது.
இருந்த இடத்திலேயே இருந்து
காலாண்டுக் கணக்கை முடித்துவிட்டேன்.
மூன்றாம் நாள் காலை
கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

இஜ்லானுக்குப் போன் எடுத்தேன்.
"ஏன், எழும்பல்லையா?"
"ரயில் வரேல்லை" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
சத்தமே இல்லை.